3 மணி நேரத்தில் உறைந்த குழாய் மறுநாள் தண்ணீராக இருக்கிறது: கோயாகுலேஸ் பாசிட்டிவா, நெகட்டிவா?

குழாய்37

வணக்கம். டியூப் கோயாகுலேஸ் டெஸ்டில் (பிளாஸ்மாவை உறையவைக்கிறதா என்று பார்த்து ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸை மற்ற ஸ்டாஃபைலோகாக்கஸிலிருந்து பிரிக்கும் சோதனை) ஒரு குழப்பம். விவரத்தை முழுதாகத் தருகிறேன்.

சீழ் மாதிரியில் வளர்ந்த ஸ்டாஃபைலோகாக்கஸ். பிளட் அகாரில் பொன்மஞ்சள் காலனி, சுற்றிலும் ஹீமோலிசிஸ், கேட்டலேஸ் பாசிட்டிவ். ஸ்லைடு டெஸ்டில் (கண்ணாடித் தகட்டில் பிளாஸ்மா சொட்டோடு கலந்து பார்ப்பது) திரளவில்லை. அதனால் டியூப் டெஸ்ட்: 0.5 மி.லி. பிளாஸ்மா, அதில் இரவு முழுக்க வளர்ந்த பிராத் 0.1 மி.லி., 37 டிகிரி. 3 மணி நேரம் கழித்துச் சாய்த்தபோது முக்கால் பங்கு கெட்டியாக நின்றது. அப்படியே இன்குபேட்டரிலேயே விட்டு மறுநாள் காலை எடுத்தால் ஒரு துணுக்குகூட இல்லை, எல்லாம் நீர்.

முயல் பிளாஸ்மா தீர்ந்துவிட்டதால் பயன்படுத்தியது ரத்த வங்கியில் நாள் கடந்துபோன மனித பிளாஸ்மா, சிட்ரேட் கலந்தது. நெகட்டிவ் கண்ட்ரோலான ஸ்டாஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் கடைசிவரை உறையவில்லை. ஆனால் அதே ஸ்டாண்டில் இருந்த, ஸ்டாஃபைலோகாக்கஸே அல்லாத ஒரு என்டரோகாக்கஸ் குழாய் மறுநாள் உறைந்து கிடந்தது!

1. எந்த நேரத்து முடிவை எழுதுவது?
2. என்டரோகாக்கஸ் ஏன் உறைந்தது?
3. அடிப்படையான சந்தேகம்: ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும், சிட்ரேட்டும் ஈடிடிஏவும் அதைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. பிறகு இந்த டெஸ்டில் பிளாஸ்மா உறைவதே எப்படி? கிருமி கால்சியத்தைக் கொண்டுவருகிறதா?

---

நுண்ணோக்கி

முதல் கேள்விக்கு ஒரே சொல்: பாசிட்டிவ். ஒருமுறை உறைந்தால் உறைந்ததுதான். பின்னால் கரைந்ததால் அது நெகட்டிவ் ஆகிவிடாது.

கரைத்தது ஸ்டாஃபைலோகைனேஸ். உறையவைக்கும் புரதத்தை வெளியிடும் அதே கிருமி, உறைந்ததைக் கரைக்கும் புரதத்தையும் வெளியிடுகிறது. 136 அமினோ அமிலம் கொண்ட சிறிய புரதம். உறைவின் இழையான ஃபைப்ரினை அது தானாக வெட்டாது. பிளாஸ்மாவில் ஏற்கெனவே துளியளவு உருவாகியிருக்கும் பிளாஸ்மினோடு ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்துகொண்டு, மற்ற பிளாஸ்மினோஜன்களையெல்லாம் பிளாஸ்மினாக மாற்றும். ஃபைப்ரினை அரிப்பது பிளாஸ்மின். கரைப்பு உறைவின் மேலேயே நடப்பதற்கும் காரணம் உண்டு. வெறும் பிளாஸ்மாவில் மிதக்கும்போது ஆல்ஃபா-2 ஆன்டிபிளாஸ்மின் என்ற ரத்தப் புரதம் இந்தக் கூட்டை உடனே முடக்கிவிடும். ஃபைப்ரினில் ஒட்டிக்கொண்டால் ஆன்டிபிளாஸ்மின் பிடிக்க வேண்டிய இடம் மறைந்துவிடும், அதனால் தப்பிக்கும்.

ஆகவே முதலில் உறைவு, அப்புறம் கரைவு. இரவு முழுக்க 37 டிகிரியில் விட்டு காலையில் மட்டும் எட்டிப் பார்ப்பவருக்கு அது நெகட்டிவாகத்தான் தெரியும். நீங்கள் 3 மணி நேரத்தில் பார்த்ததால் பிழைத்தது.

பார்க்கும் நேரம்: 30 நிமிடம், 1, 2, 4 மணி. 4 மணி நேரத்திலும் உறையாததை மட்டும் இன்குபேட்டரிலிருந்து எடுத்து அறை வெப்பத்தில் வைத்து, 24 மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். அறை வெப்பத்துக்கு மாற்றச் சொல்வது இந்தக் கரைவு வேகத்தைக் குறைக்கத்தான். பலர் அந்த வரியைப் படித்துவிட்டு, சும்மா ஒரு சம்பிரதாயம் என்று நினைத்து 37-லேயே விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, குழாயை ஆட்டக் கூடாது. தயிருக்கு உறை ஊற்றிவிட்டு அரைமணிக்கொருமுறை குலுக்கிப் பார்த்தால் என்ன ஆகும்? அதே கதைதான். ஃபைப்ரின் இழைகள் பின்னிக்கொண்டிருக்கும்போது உடைந்தால் திரும்பச் சேராது. மெதுவாக 90 டிகிரி சாய்த்துப் பார்த்து, மெதுவாக நிமிர்த்த வேண்டும். அடியில் சிறு கட்டி நின்றாலும் பாசிட்டிவ்தான், முழுக் குழாயும் உறைய வேண்டியதில்லை. ஆனால் தூள்தூளாக, நூல்நூலாக மிதப்பதைப் பாசிட்டிவாக எடுக்காதீர்கள். அது உறைவு அல்ல, வீழ்படிவு.

---

உறைகாரணி

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்ற எல்லாவற்றுக்கும் சாவி அங்கேதான் இருக்கிறது.

கிருமி கால்சியம் எதையும் கொண்டுவருவதில்லை. கால்சியம் தேவைப்படும் கட்டங்கள் அத்தனையையும் தாண்டிக் குதிக்கிறது.

இயல்பான உறைதலில் புரோத்ராம்பின் என்ற ரத்தப் புரதத்தை வெட்டுவது பத்தாம் உறைகாரணி. ஐந்தாம் காரணி துணைக்கு வேண்டும், இவையெல்லாம் பிளேட்லெட் சவ்வின் மேல் ஒட்டி நிற்கவேண்டும், ஒட்டவைக்கும் பசைதான் கால்சியம். வெட்டு விழுந்ததும் புரோத்ராம்பினின் உள்ளே புதிதாக ஒரு முனை வெளிப்படும். ஐசோலூசினில் தொடங்கும் அந்த முனை மடங்கி, புரதத்தின் உள்ளிருக்கும் ஒரு குழிக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். வேட்டி முனையை இடுப்பில் செருகினால் கட்டு நிற்பதுபோல, அந்தச் செருகலில்தான் வெட்டும் தளம் தன் சரியான வடிவத்துக்கு வரும். அப்போதுதான் அது த்ராம்பின்.

ஸ்டாஃபைலோகோயாகுலேஸ் செய்வது என்ன? தன் சொந்த முனையை, அதுவும் ஐசோலூசின்-வேலின் என்று தொடங்கும் முனையை, வெட்டப்படாத புரோத்ராம்பினின் அதே குழிக்குள் செருகிவிடுகிறது. ஒரு பிணைப்புகூட அறுபடவில்லை, ஆனால் புரோத்ராம்பின் விழித்துக்கொண்டுவிட்டது. இந்த ஜோடிக்கு ஸ்டாஃபைலோத்ராம்பின் என்று பெயர். அது ஃபைப்ரினோஜனை ஃபைப்ரினாக மாற்றும், குழாய் உறையும். வெளியிலிருந்து ஒரு முனையைச் செருகியே இத்தகைய என்சைமை எழுப்பலாம் என்பதை டிரிப்சினோஜனில் போடேயும் ஹூபரும் 1976-இல் காட்டினார்கள். கோயாகுலேஸ் இதைத்தான் செய்கிறது என்பது படிக அமைப்போடு வெளிவந்தது 2003-இல்.

ஆகவே கோயாகுலேஸ் என்ற பெயரின் கடைசி இரண்டு எழுத்து ஏமாற்று. அது என்சைம் அல்ல. எதையும் வெட்டுவதில்லை. கண்டிப்பாகப் பார்த்தால் நச்சு என்றும் சொல்ல முடியாது, செல்லைக் கொல்வதில்லையே. நம் ரத்தப் புரதத்தைக் கையைப் பிடித்து வேலை வாங்கும் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து மேசைக்கு வரும் விஷயங்கள்:

ஈடிடிஏ, சிட்ரேட், ஆக்ஸலேட் எதுவும் இதைத் தடுக்காது. கால்சியம் கணக்கிலேயே இல்லை.

ஹெப்பாரினும் தடுக்காது. ஹெப்பாரின் நேரடியாக எதையும் செய்வதில்லை, ஆன்டித்ராம்பினைத் தூண்டிவிட்டு த்ராம்பினைப் பிடிக்கவைக்கிறது. ஸ்டாஃபைலோத்ராம்பின் ஆன்டித்ராம்பின் கைக்கு அகப்படாது.

சீரத்தில் ஒருபோதும் வராது. சீரம் என்றாலே ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோனது. பிளட் அகார் ஊற்றுவதற்காக வரும் ஃபைப்ரின் நீக்கிய ஆட்டு ரத்தமும் அப்படியே. அதைச் சுழற்றி எடுத்த மஞ்சள் நீரைப் "பிளாஸ்மா" என்று ஊற்றிவிட்டு, பாசிட்டிவ் கண்ட்ரோல் வரவில்லையே என்று கல்ச்சரைக் குறை சொல்வது நடக்கிறது.

இப்போது உங்கள் என்டரோகாக்கஸ். அதற்கும் கோயாகுலேஸுக்கும் சம்பந்தமே இல்லை. அது சிட்ரேட்டைத் தின்றது. சிட்ரேட் போனதும் அது பிடித்துவைத்திருந்த கால்சியம் விடுபட்டது, பிளாஸ்மா தன் சொந்த வழியில் உறைந்தது. க்ளெப்சியெல்லா, செராஷியா, சூடோமோனாஸும் இதைச் செய்யும். கலப்புக் காலனியிலிருந்து எடுத்தால் நிஜமான எபிடெர்மிடிஸ்கூட மறுநாள் "பாசிட்டிவ்" ஆகும். ஈடிடிஏவைக் கிருமிகள் அப்படி எளிதில் தின்பதில்லை, அதனால்தான் கம்பெனி பிளாஸ்மாவில் ஈடிடிஏ போடுகிறார்கள். வேறு வழியில்லாமல் சிட்ரேட் பிளாஸ்மாதான் என்றால் அதில் கொஞ்சம் ஹெப்பாரின் சேர்க்கலாம். விடுபட்ட கால்சியத்தால் பிறக்கும் சாதாரண த்ராம்பினை ஹெப்பாரின் அடக்கிவிடும், கிருமியின் ஸ்டாஃபைலோத்ராம்பினைத் தொடாது. மேலே சொன்ன இரண்டும் சேர்ந்து உங்களுக்கு ஒரு வடிகட்டி ஆகிவிடுகிறது.

---

சீழ்_தட்டு

உறைகாரணி சொன்னது எல்லாம் சரி, ஆனால் நாள் கடந்த மனித பிளாஸ்மாவை "ஹெப்பாரின் போட்டால் போதும்" என்று விட்டுவிட மனமில்லை.

மனிதர்களில் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் எப்போதாவது ஸ்டாஃப் தொற்று வந்திருக்கும். அதனால் பிளாஸ்மாவில் கோயாகுலேஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கலாம். ஒரு பையில் அதிகம், இன்னொரு பையில் இல்லை. பலமாகச் சுரக்கும் ஸ்ட்ரெயின் இதையும் மீறி உறையவைக்கும், பலவீனமானது தோற்றுவிடும். பாசிட்டிவ் கண்ட்ரோலாக வைக்கும் ஏடிசிசி 25923 நன்றாகச் சுரப்பது, அது உறைந்துவிட்டது என்பதால் பிளாஸ்மா நல்லது என்று நம்பிவிடக் கூடாது. மனித பிளாஸ்மாவே பயன்படுத்தினால் பல பைகளைக் கலந்து, பலவீனமான ஒரு ஸ்ட்ரெயினையும் கூடவே வைத்துச் சோதியுங்கள். எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனை முடிந்த பை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முயல் பிளாஸ்மா உறைநிலையில் உலர்த்தியதாக வரும். லேபிளில் சொன்ன அளவு ஸ்டெரைல் டிஸ்டில்டு வாட்டரை விட்டு, சுழற்றிக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைக்கும், நுரையில் புரதம் கெடும். கரைத்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: ஏற்கெனவே இழையோ கட்டியோ தெரிந்தால் அந்த வயலை ஒதுக்கிவிடுங்கள். பிளாஸ்மா உறையக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று பார்க்க, 0.5 மி.லி.யில் 5% கால்சியம் குளோரைடு ஒரு சொட்டு. 10, 15 விநாடியில் உறைய வேண்டும். ஃபைப்ரினோஜன் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. தினமும் செய்ய வேண்டாம், புது வயல் திறக்கும்போது செய்தால் போதும்.

நீர்த்தல் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாஸ்மாவை மிச்சம் பிடிக்க 1-க்கு 10 என்று நீர்க்கும் முறை சில கையேடுகளில் உண்டு. மனித பிளாஸ்மாவில் ஃபைப்ரினோஜன் 100 மி.லி.க்கு 200 முதல் 400 மில்லிகிராம். அதைப் பத்தில் ஒன்றாக்கினால் உறைவு தளர்வாக, மெல்லிய ஜெல்லியாகத்தான் வரும், சாய்க்கும்போதே நழுவும். அந்தத் தளர்வைப் படிக்கப் பழகாத கண் நெகட்டிவ் என்று எழுதிவிடும். கம்பெனி பிளாஸ்மாவை லேபிளில் உள்ளபடி கரைத்து அப்படியே பயன்படுத்துவதுதான் என் வாக்கு.

---

குழாய்37

மிக்க நன்றி மூவருக்கும். என்டரோகாக்கஸ் புதிர் விடுபட்டது.

ஆனால் ஸ்லைடு டெஸ்ட் ஏன் ஏமாற்றியது? இரண்டும் கோயாகுலேஸ்தானே, ஒன்று உடலோடு ஒட்டியது, ஒன்று தனித்தது என்று படித்தேன்.

---

நுண்ணோக்கி

பாடப்புத்தகம் "ஒட்டிய கோயாகுலேஸ்", "தனிக் கோயாகுலேஸ்" என்று எழுதுவதால் வரும் குழப்பம் இது. ஒரே புரதத்தின் இரண்டு நிலை அல்ல. வேறு வேறு ஜீன், வேறு வேறு புரதம், ரத்தத்தில் பிடிப்பதும் வேறு.

ஸ்லைடில் வேலை செய்வது கிளம்பிங் ஃபேக்டர். செல் சுவரில் நட்டுவைத்த கொக்கி. ஃபைப்ரினோஜனின் காமா சங்கிலியின் கடைசி நுனியை நேரடியாகப் பிடிக்கும். ஒரு ஃபைப்ரினோஜனுக்கு இரண்டு பக்கமும் அப்படி ஒரு நுனி இருப்பதால், இரண்டு கிருமிகளை ஒன்றாகக் கட்டிவிடும். ஃபைப்ரின் உருவாகவில்லை, புரோத்ராம்பினுக்கு வேலை இல்லை. டியூபில் நடப்பது தயிர் உறைவது என்றால், ஸ்லைடில் நடப்பது பால் திரிவது. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கிறோம், அவ்வளவுதான்.

ஆரியஸில் 10 முதல் 15 சதவீதம் ஸ்லைடில் நெகட்டிவாக வரும். செல்லைச் சுற்றிய உறை (காப்ஸ்யூல்) அதிகம் உள்ள ஸ்ட்ரெயினில் கொக்கி மறைந்துவிடும். ஆகவே ஸ்லைடு நெகட்டிவ் என்றால் டியூப் போடாமல் ரிப்போர்ட் போகக் கூடாது.

ஸ்லைடு செய்யும்போது: சலைனில் காலனியைக் கரைத்து முதலில் அதுவே திரள்கிறதா என்று பாருங்கள். தானே திரண்டால் அந்த டெஸ்ட் செல்லாது. பிறகு பிளாஸ்மா ஒரு சொட்டு, 10 விநாடிக்குள் முடிவு. அதற்கு மேல் காத்திருந்து வருவதை எடுக்காதீர்கள். மானிட்டால் சால்ட் அகாரிலிருந்து எடுக்க வேண்டாம், உப்பு அதிகமான ஊடகத்தில் வளர்ந்தவை தானே திரளும்.

லேடெக்ஸ் கிட் இருந்தால் இன்னும் ஒரு ரத்தப் புரதம் சேரும். மணிகளின் மேல் ஃபைப்ரினோஜனோடு ஐஜிஜி ஆன்டிபாடியும் பூசியிருப்பார்கள். ஆரியஸின் புரோட்டீன் ஏ, ஐஜிஜியைத் தலைகீழாக, எஃப்சி என்ற அதன் வால் பக்கத்தில் பிடிக்கும். கொக்கி மறைந்திருந்தாலும் இந்தப் பிடி கைகொடுக்கும் என்பது கணக்கு. சில கிட்களில் ஸ்டாஃபைலோகாக்கஸ் சாப்ரோஃபைட்டிகஸ் திரண்டு ஏமாற்றும், சிறுநீர் மாதிரியில் கவனம்.

---

மடிநோய்

கால்நடைப் பக்கத்திலிருந்து இரண்டு சேர்க்கைகள்.

ஒன்று, எந்த விலங்கின் பிளாஸ்மா என்பது முக்கியம். மனிதரிடமிருந்து எடுத்த ஆரியஸ் முயல், மனிதன், குதிரை, பன்றி பிளாஸ்மாவை நன்றாக உறையவைக்கும். மாடு, ஆடு பிளாஸ்மாவில் சோர்ந்துவிடும். உறைகாரணி சொன்ன செருகல் நடக்க, கோயாகுலேஸின் இன்னொரு பகுதி புரோத்ராம்பினின் மேற்பரப்பை இறுகப் பிடிக்க வேண்டும். அந்தப் பரப்பு விலங்குக்கு விலங்கு மாறுகிறது. ஆகவே ஃபைப்ரின் நீக்காத, ஈடிடிஏ போட்ட நல்ல ஆட்டுப் பிளாஸ்மாவாக இருந்தாலும் மனித மாதிரிக்கு அதை எடுக்காதீர்கள்.

சுவாரசியம் என்னவென்றால், மாட்டிலும் ஆட்டிலும் வாழும் ஆரியஸ் இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டது. அதனிடம் இரண்டாவது உறையவைக்கும் புரதம் ஒன்று உண்டு: வான் வில்லிபிராண்ட் காரணியைப் பிடிக்கும் புரதம். மனித ஸ்ட்ரெயின்களிலும் இருக்கிறது, புரோத்ராம்பினை அதே முனை செருகும் வித்தையால் எழுப்புகிறது. அசைபோடும் விலங்குகளின் ஸ்ட்ரெயின்களிலோ, இடம் மாறும் மரபுத் துண்டு ஒன்றில் இதன் தனி வடிவம் வந்து சேர்ந்திருக்கிறது. அது மாட்டுப் பிளாஸ்மாவை உறையவைக்கும். 2010-இல் வெளியான விஷயம்.

இரண்டு, டியூப் பாசிட்டிவ் என்றால் ஆரியஸ் என்று மூடிவிட வேண்டாம். நாய் கடித்த காயம் என்றால், நாயிடம் வாழும் ஸ்டாஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் நினைவுக்கு வர வேண்டும். டியூபில் பளிச்சென்று பாசிட்டிவ். பிரிப்பதற்கு எளிய வழி பைர், விபி என்ற இரண்டு உயிர்வேதி டெஸ்டுகள்: ஆரியஸ் பைர் நெகட்டிவ், விபி பாசிட்டிவ். சூடின்டர்மீடியஸில் அப்படியே தலைகீழ். பன்றியிடம் வரும் ஹைகஸ் சில சமயம் உறையவைக்கும், சில சமயம் இல்லை, அதுவும் தாமதமாக.

ஸ்டாஃபைலோகைனேஸ் பற்றி நுண்ணோக்கி சொன்னதற்கு ஒரு துணுக்கு: அந்த ஜீன் ஒரு ஃபேஜ் வைரஸில் ஏறி வருகிறது, அது வந்து உட்காரும் இடம் பீட்டா ஹீமோலைசின் ஜீனின் நடுவே. ஆகவே உறைவைக் கரைக்கும் ஸ்ட்ரெயின் பெரும்பாலும் பீட்டா ஹீமோலைசினை இழந்திருக்கும். மனித ஸ்ட்ரெயின்களில் கைனேஸ் பரவலாக உண்டு, மாட்டு மடி ஸ்ட்ரெயின்களில் அரிது. மடிநோய் மாதிரிகளில் குழாய் மறுநாள் கரைவதை நாங்கள் அதிகம் பார்க்காததற்கு அதுவே காரணம்.

---

வார்டு_ரவுண்ட்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆய்வகம் தாண்டி ஒரு கேள்வி. ஆரியஸ் ரத்தத்தில் பரவிய நோயாளிக்கு வேறு காரணத்துக்காக ஹெப்பாரின் ஏறிக்கொண்டிருக்கிறது. கிருமி உருவாக்கும் ஃபைப்ரினை அது தடுக்காது என்றுதானே அர்த்தம்?

அப்புறம், கிராம் நெகட்டிவ் செப்சிஸில் வரும் டிஐசியும் (ரத்தக்குழாய்களெங்கும் உறைவு பரவும் நிலை) இதே வழிதானா?

---

உறைகாரணி

முதலாவது: ஆம், ஸ்டாஃபைலோத்ராம்பின் நேரடியாகச் செய்யும் ஃபைப்ரினை ஹெப்பாரின் தடுக்காது. நோயாளியின் சொந்தத் த்ராம்பின் பெருகுவதைத் தடுக்கும். இரண்டும் வேறு. ஸ்டாஃபைலோத்ராம்பின் ஃபைப்ரினோஜனை வெட்டுவதில் கெட்டிக்காரன், ஆனால் ஐந்தாம், எட்டாம் காரணிகளை எழுப்பி உறைதலைச் சுழற்சியாகப் பெருக்கும் வேலையைச் சாதாரண த்ராம்பின்போலச் செய்வதில்லை. கிருமிக்கு வேண்டியது தன்னைச் சுற்றி ஒரு வேலி. நியூட்ரோஃபில் உள்ளே வராமல் இருந்தால் போதும்.

டாபிகாட்ரான், ஆர்காட்ரோபான் போன்ற சிறிய மூலக்கூறு மருந்துகள் த்ராம்பினின் வெட்டும் தளத்துக்குள்ளேயே உட்காருவதால் ஸ்டாஃபைலோத்ராம்பினையும் முடக்கும். அட்டைப்பூச்சியின் புரதமான ஹிருடின் அப்படியல்ல. அது வெட்டும் தளத்தோடு பக்கத்திலுள்ள இன்னொரு பிடிமானத்தையும் சேர்த்துப் பிடித்தால்தான் பலம். அந்தப் பிடிமானத்தின் மேல் கோயாகுலேஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. இவையெல்லாம் வேதியியல். சிகிச்சை ஆன்டிபயாடிக்கும், தொற்றின் மூலத்தை அகற்றுவதும்தான். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை மாற்ற வேண்டாம்.

ஆனால் ஆய்வகத்துக்கு இதில் ஒரு எச்சரிக்கை உண்டு: நோயாளிகளின் மிச்சப் பிளாஸ்மாவைச் சேர்த்துவைத்துக் கோயாகுலேஸுக்குப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவர் டாபிகாட்ரான் எடுப்பவர் என்றால் அந்தக் குழாய் உறையாது. வார்ஃபரின் எடுப்பவர் பிளாஸ்மா இந்த அளவுக்குக் கெடுக்காது. வார்ஃபரினால் கார்பாக்சில் சேராமல் வரும் குறைப் புரோத்ராம்பின் கால்சியத்தைப் பிடிக்க முடியாமல் தவிக்கும். கோயாகுலேஸுக்குக் கால்சியமே வேண்டாம் என்பதால் அந்தக் குறைப் புரோத்ராம்பினையும் எழுப்பிவிடும். எதுவானாலும் மிச்சப் பிளாஸ்மா வேண்டாம்.

இரண்டாவது: இல்லை, முற்றிலும் வேறு வழி. கிராம் நெகட்டிவ் கிருமிகளின் சுவரிலுள்ள எண்டோடாக்சின் (எல்பிஎஸ்) எந்த உறைகாரணியையும் கையில் பிடித்து எழுப்புவதில்லை. ரத்தத்தில் அதை முதலில் பிடிப்பது எல்பிஎஸ் பைண்டிங் புரோட்டீன் என்ற கல்லீரல் புரதம். அது செல்லின் மேலுள்ள சிடி14-இடம் ஒப்படைக்க, டிஎல்ஆர்4 என்ற ஏற்பி வழியாக மோனோசைட் விழித்து, உறைதலைத் தொடங்கிவைக்கும் டிஷ்யூ ஃபேக்டரைத் தன் மேற்பரப்பில் கொண்டுவரும். அங்கிருந்து உறைதல் இயல்பான பாதையில், கால்சியத்தோடு, பத்தாம் காரணியோடு நடக்கிறது. செல் நடுவில் இருப்பதால்தான் எண்டோடாக்சினைச் சிட்ரேட் பிளாஸ்மாவில் ஊற்றினால் கோயாகுலேஸ்போல உறையாது.

கோயாகுலேஸுக்கு உண்மையான உறவுக்காரன் வேண்டுமானால் ஸ்ட்ரெப்டோகைனேஸைப் பாருங்கள். 414 அமினோ அமிலம். அதுவும் ஐசோலூசினில் தொடங்கும் தன் முனையைப் பிளாஸ்மினோஜனுக்குள் செருகி, வெட்டாமலே எழுப்புகிறது. உறையவைப்பவனும் கரைப்பவனும் ஒரே வித்தை. 1933-இல் டில்லட்டும் கார்னரும் கண்டது, பின்னாளில் மாரடைப்புக்கு 15 லட்சம் யூனிட் 60 நிமிடத்தில் ஏற்றும் மருந்தானது. ஸ்டாஃபைலோகைனேஸ்போல அதற்கு ஃபைப்ரின் மேல் ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, ரத்தம் முழுக்கப் பிளாஸ்மினை எழுப்பிவிடும். அதனால்தான் ஃபைப்ரினோஜனும் சேர்ந்து குறைந்து, வேறு இடங்களில் ரத்தக்கசிவு வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிரான ஆன்டிபாடி பலரிடம் உண்டு, ஒருமுறை கொடுத்தபின் வெகுவாக ஏறும். திரும்பக் கொடுக்கத் தயங்குவது அதனால்.

---

சீழ்_தட்டு

திரும்ப மேசைக்கு வருவோம். 4 மணி நேரத்தோடு முடித்துவிடலாமா என்று ஒருவர் எனக்குத் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். கூடாது. பலவீனமாகச் சுரக்கும் ஸ்ட்ரெயின்கள், மெத்திசிலினுக்கு அடங்காத ஆரியஸான எம்ஆர்எஸ்ஏவில் சில, சிறுகாலனி வகை ஆகியவை 4 மணி நேரத்துக்குப் பிறகே உறையும். அதற்காக 24 மணி நேரத்தை மட்டும் பார்ப்பதும் கூடாது, கைனேஸ் ஏமாற்றும். இரண்டு முனையும் வேண்டும். 24-இல் மட்டும் பாசிட்டிவாக வந்ததை, தூய காலனியிலிருந்து ஈடிடிஏ பிளாஸ்மாவில் மறுபடி போட்டு, டிஎன்ஏஸ் அல்லது வேறொரு முறையால் உறுதிசெய்தபின் ரிப்போர்ட் செய்யுங்கள்.

---

குழாய்37

ஈடிடிஏ முயல் பிளாஸ்மா வந்தது. தூய காலனியிலிருந்து, 0.5 மி.லி.க்கு 0.05 மி.லி. பிராத், 30 நிமிடத்தில் ஒன்றுமில்லை, 1 மணி நேரத்தில் அடியில் சிறு கட்டி, 2 மணி நேரத்தில் முழுதும் நின்றது. ஆர்வத்துக்காக ஒரு குழாயை 37-லேயே விட்டேன், அது மறுநாள் பாதி கரைந்திருந்தது. 2 மணி நேரத்தில் அறை வெப்பத்துக்கு எடுத்தது இன்னும் நிற்கிறது. என்டரோகாக்கஸ் இந்தத் தடவை உறையவில்லை.

இதே தட்டிலிருந்து வேறொரு வெள்ளைக் காலனி ஸ்லைடில் பளிச்சென்று திரள்கிறது, டியூபில் 24 மணி நேரமாகியும் நெகட்டிவ். ஸ்லைடு பாசிட்டிவ் என்றால் டியூப் தேவையில்லை என்று நினைத்திருந்தேன்.

---

நுண்ணோக்கி

அந்த நினைப்பால்தான் லுக்டுனென்சிஸ் என்ற இன்னொரு ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸாக ரிப்போர்ட் ஆகிறது. அதனிடம் ஃபைப்ரினோஜனைப் பிடிக்கும் கொக்கி உண்டு, புரோத்ராம்பினை எழுப்பும் புரதம் இல்லை. ஸ்லைடு பாசிட்டிவ், டியூப் நெகட்டிவ். ஷ்லைஃபெரியும் அப்படியே நடக்கும். ஆர்னிதின் டிகார்பாக்ஸிலேஸும் பைரும் போடுங்கள், இரண்டும் பாசிட்டிவ் என்றால் லுக்டுனென்சிஸ். கோயாகுலேஸ் நெகட்டிவ்தானே, தோலிலிருந்து வந்த கலப்பு என்று தட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இதய வால்வைக் கெடுப்பதில் அது ஆரியஸுக்குச் சளைத்ததல்ல. ரத்தக் கல்ச்சரில் வந்தால் இனப்பெயரோடு எழுதி, வார்டுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.